கம்பியில்லாக் கவலைகள்

'பேரன் வர்றான்' பாட்டி, மயிலாடுதுறை

கே: லீவுக்கு வருகிற பேரனுக்காக டேப்லெட் வாங்கி வைத்தேன். ரவுட்டர் அடியில் ஒட்டியிருக்கிற பாஸ்வேர்டை அப்படியே பார்த்துப் போட்டாலும் 'தவறு' என்கிறதே?

ப: அந்த ஸ்டிக்கரில் பெரும்பாலும் இரண்டு பாஸ்வேர்டு இருக்கும், பாட்டி. ஒன்று வைஃபைக்கு. இன்னொன்று ரவுட்டரின் செட்டிங்ஸைத் திறப்பதற்கு. வைஃபை பாஸ்வேர்டு என்றால் குறைந்தது எட்டு எழுத்தாவது இருந்தாக வேண்டும் என்பது விதி. ஆங்கிலத்தில் ஐந்தே எழுத்தான 'அட்மின்' அந்தப் பதவிக்கு மனுக்கூடப் போட முடியாது. சரியானதைத்தான் போடுகிறீர்கள் என்றால், பக்கத்தில் இருக்கும் கண் படத்தைத் தொட்டுப் புள்ளிகளை எழுத்தாக்கிப் பாருங்கள். பூஜ்யத்துக்கும் ஓ எழுத்துக்கும், ஒன்றுக்கும் சின்ன எல்லுக்கும் ஸ்டிக்கர் அச்சடித்தவர் வித்தியாசம் காட்டியிருக்க மாட்டார். மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பியதை நகலெடுத்து ஒட்டினீர்கள் என்றால், கடைசியில் ஓர் இடைவெளியும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். டேப்புக்கு அதுவும் ஓர் எழுத்துதான்.

தட்டச்சே வேண்டாம் என்றால், ஏற்கெனவே வைஃபையில் இருக்கிற ஆண்ட்ராய்டு போனில் வைஃபை பெயருக்குள் போய் 'ஷேர்' அழுத்துங்கள். ஆண்ட்ராய்டு 10 முதல் இந்த வசதி உண்டு. ஒரு க்யூஆர் கட்டம் வரும். டேப்பின் கேமராவை அதற்கு நேராகக் காட்டினால் தீர்ந்தது. பிறகு பேரனிடமிருந்து டேப்பைத் திரும்ப வாங்குவதற்கு மட்டும் என்னிடம் வழி கேட்காதீர்கள்.

குழம்பியவன், விருதுநகர்

கே: 'கனெக்டெட்' என்கிறது. அடுத்த வரியிலேயே 'இன்டர்நெட் இல்லை' என்கிறது. எதை நம்புவது?

ப: இரண்டையும். டேப்புக்கும் ரவுட்டருக்கும் நடுவில் உள்ள உறவு ஒன்று, ரவுட்டருக்கும் வெளியுலகத்துக்கும் உள்ள உறவு வேறு. முதலாவது நன்றாக இருக்கிறது, இரண்டாவது அறுந்திருக்கிறது என்பதைத்தான் அது இரண்டு வரியில் சொல்கிறது. இணைந்த உடனே ஆண்ட்ராய்டு டேப் கூகுளின் ஒரு சின்ன முகவரியைக் கூப்பிட்டுப் பார்க்கும். அங்கிருந்து '204' என்று, உள்ளே ஒன்றுமே இல்லாத ஒரு பதில் வர வேண்டும். வராவிட்டால் 'இன்டர்நெட் இல்லை'. ஒன்றுமில்லாததுகூட வரவில்லை என்று பொருள்.

இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதியை இந்த ஒரே சோதனை தீர்த்துவிடும்: வீட்டில் உள்ள இன்னொரு போனை அதே வைஃபையில் போட்டுப் பாருங்கள். அதற்கு முன், அந்தப் போனில் மொபைல் டேட்டாவை அணையுங்கள். இதை யாரும் செய்வதில்லை. வைஃபையில் நெட் இல்லை என்று தெரிந்ததும் போன் ஓசையில்லாமல் சிம் டேட்டாவுக்குத் தாவிவிடும். 'என் போன்ல வருதே, டேப்தான் கெட்டுப்போச்சு' என்று வீட்டில் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். பாவம், டேப்புக்குப் பெரும்பாலும் சிம் கிடையாது. உண்மையை மட்டும்தான் சொல்லத் தெரியும்.

டேட்டாவை அணைத்த போனிலும் வரவில்லையா? டேப் நிரபராதி. ஃபைபர் லைன் பெட்டியில் 'எல்ஓஎஸ்' என்ற விளக்கு சிவப்பாக எரிகிறதா பாருங்கள். எரிந்தால் கண்ணாடி இழை வழியாக ஒளியே வந்து சேரவில்லை. ரவுட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் அது எரியத்தான் செய்யும். பெட்டிக்குப் பின்னால் வரும் மெல்லிய வயர், சோபாவை நகர்த்தியபோது மடங்கி நசுங்கியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு லைன்மேனைக் கூப்பிடுங்கள். என்ன ஆச்சு என்று அவர் போனில் கேட்டால், 'எல்ஓஎஸ் சிவப்பு' என்ற இரண்டே வார்த்தை சொல்லுங்கள். பத்து நிமிட விசாரணை மிச்சம்.

போனில் வருகிறது, டேப்பில் மட்டும் இல்லையா? அப்போது டேப்பின் தேதி, எப்போதோ போட்டு அணைக்க மறந்த விபிஎன், செட்டிங்ஸில் 'ப்ரைவேட் டிஎன்எஸ்' என்ற இடத்தில் யாரோ எழுதிவைத்த முகவரி, இந்த வரிசையில் சந்தேகப்படுங்கள்.

சுற்றும் வட்டம், சுரண்டை

கே: பாஸ்வேர்டை ஏற்றுக்கொள்கிறது. பிறகு 'ஐபி முகவரி பெறுகிறது' என்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. யாரிடமிருந்து பெறுகிறது? அவர் ஏன் தர மாட்டேன் என்கிறார்?

ப: தருபவர் உங்கள் ரவுட்டர்தான். டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுப்பதுபோல, உள்ளே வரும் ஒவ்வொரு கருவிக்கும் அது ஒரு எண் கொடுக்கிறது, 192.168 என்று தொடங்குவதுதான் பெரும்பாலான வீடுகளில். டோக்கன் இல்லாமல் ஒரு பைட்கூட உள்ளே போகாது. எண்களுக்கு ஒரு கெடு உண்டு, கெடு முடிந்தால் மறுபடி வாங்க வேண்டும். பல மாதம் அணைக்காமல் ஓடுகிற ரவுட்டர் சில நேரம் யாருக்கு எதைக் கொடுத்தோம் என்பதில் சொதப்பிவிடும். ரவுட்டரை அணைத்து, அரை நிமிடம் விட்டுப் போடுங்கள். டேப்பில் அந்த வைஃபை பெயரை 'ஃபர்கெட்' செய்துவிட்டு மறுபடி இணையுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் வீட்டில் இன்னொரு பழைய ரவுட்டரைச் சொருகி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். இரண்டு பேர் தனித்தனியாக டோக்கன் கொடுத்தால் கிளினிக்கில் என்ன நடக்குமோ அதுதான் நடக்கும். பழையதில் டோக்கன் கொடுக்கும் வேலையான 'டிஹெச்சிபி'யை அணைத்துவிட்டால் சண்டை ஓயும்.

அவசரத்துக்கு டேப்பிலேயே எண்ணைக் கையால் எழுதிக்கொள்ளலாம் என்று யூடியூபில் ஒருவர் சொல்வார். வேலை செய்யும். அதே எண்ணை ரவுட்டர் நாளைக்கு உங்கள் டிவிக்குக் கொடுக்கும்வரை.

அமெரிக்க மாமியார், கும்பகோணம்

கே: மகன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த டேப்லெட் எங்கள் வீட்டு வைஃபை பெயரையே காட்டவில்லை. மருமகள் 'அது அமெரிக்க டேப், இங்கே ஓடாது' என்கிறாள். உண்மையா?

ப: மருமகள் சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. அதை ஒப்புக்கொள்வது உங்களுக்குக் கஷ்டம் என்றும் தெரிகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நம் நாட்டில் 13 சானல்கள் வரை பயன்படுத்தலாம். அமெரிக்காவில் 11 வரைதான் புழக்கம். அங்கே விற்கும் பல கருவிகளுக்கு 12, 13 இரண்டும் கண்ணிலேயே படாது. உங்கள் ரவுட்டர் 'ஆட்டோ' என்ற பெயரில் தானாகவே 13-ஆம் சானலில் போய் உட்கார்ந்திருக்கலாம். செட்டிங்ஸில் அதை 1, 6, 11 மூன்றில் ஒன்றாக மாற்றுங்கள். ஒன்றையொன்று மிதிக்காத சானல்கள் அந்த மூன்றுதான். டேப் இங்கேயே ஓடும். மருமகளிடம் என்ன சொல்வது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

'ஐந்து' மட்டும் தெரியாதவன், ஆவடி

கே: என் போனில் வீட்டு வைஃபை இரண்டு பெயராகத் தெரிகிறது, ஒன்றின் வாலில் '5ஜி' என்று இருக்கிறது. டேப்பில் அந்த 5ஜி தெரியவே இல்லை.

ப: அது சிம் கார்டு 5ஜி அல்ல, 5 கிகாஹெர்ட்ஸ். பெயர் வைத்தவருக்கு நல்ல புத்தி வரட்டும். விலை குறைந்த டேப்புகள் பலவற்றில் 2.4-க்கு மட்டும்தான் ரேடியோ இருக்கும். இல்லாத காதுக்கு எத்தனை கத்தினாலும் கேட்காது. வாங்கும்போது பெட்டியில் 'டூயல் பேண்ட்' என்று போட்டிருக்கிறதா என்று பார்ப்பது ஒன்றே வழி, நீங்கள் வாங்கியாயிற்று.

கணக்கு வாத்தியார், காரைக்குடி

கே: நூறு எம்பிபிஎஸ் பிளானுக்குப் பணம் கட்டுகிறேன். டேப்பில் சோதித்தால் 45 தாண்டவில்லை. ஏமாற்றுகிறார்களா?

ப: முதலில் ரவுட்டரிலிருந்து வயர் போட்டு லேப்டாப்பில் சோதித்துவிட்டுப் பிறகு சண்டைக்குப் போங்கள். ஒற்றை ஆன்டெனா வைத்த 2.4 கிகாஹெர்ட்ஸ் டேப், ரவுட்டருடன் பேசிக்கொள்ளும் உச்ச வேகமே ஏட்டளவில் பெரும்பாலும் 72 எம்பிபிஎஸ்தான். பேச்சுவார்த்தைச் செலவு போகக் கையில் கிடைப்பது நாற்பது, ஐம்பது. நீங்கள் கணக்கு வாத்தியார் என்பதால் இன்னொன்று: 'எம்பிபிஎஸ்' என்பது மெகாபிட். எட்டால் வகுத்தால்தான் மெகாபைட். நூறு முழுதாக வந்தாலும் டவுன்லோடு பட்டையில் நொடிக்கு 12.5-தான் காட்டும்.

பின்கட்டு வாசகி, திருவையாறு

கே: எங்களுடையது நீளமான பழைய வீடு. திண்ணையை ஒட்டிய அறையில் ரவுட்டர். அடுக்களைக்கு வந்தால் டேப்பில் ஒரு கோடுகூட இல்லை. சமையல் வீடியோ பார்க்க நான் திண்ணைக்கா போக முடியும்?

ப: பழைய வீட்டின் சுவர்கள் இரண்டு ஆள் கனம் இருக்கும். வழியில் ஒரு ஸ்டீல் பீரோ, பித்தளை அண்டா, தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருந்தால் அலை அங்கேயே செத்துப்போகும்: உலோகம் திருப்பி அனுப்பும், தண்ணீர் உறிஞ்சும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் இன்னும் சீக்கிரம் சோர்ந்துவிடும். எனவே அடுக்களைக்கு 2.4-ஐயே வைத்துக்கொள்ளுங்கள்.

காசில்லாத வைத்தியம் முதலில். ரவுட்டர் டிவிக்குப் பின்னால், அலமாரிக்குள், அல்லது தரையில் இருக்கும். நம் வீடுகளில் அதற்கு அந்த மூன்று இடம்தான் ஒதுக்கப்படுகிறது. அதை வீட்டின் நடுவுக்கு, தலைக்கு மேல் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். ஆன்டெனா செங்குத்தாக நின்றால் அலை பக்கவாட்டில் பரவும். ஒரே தளத்து வீட்டுக்கு அதுதான் தேவை. மாடியும் இருந்தால் ஒன்றைப் படுக்கவைத்துப் பாருங்கள்.

அடுத்தது ரிப்பீட்டர். இதை வாங்குகிறவர்கள் சிக்னல் இல்லாத அறையில் கொண்டுபோய்ச் சொருகுவார்கள். அதற்கே கேட்காத ஒன்றை அது எப்படித் திருப்பிச் சொல்லும்? பாதி வழியில், சிக்னல் ஓரளவு வரும் இடத்தில் சொருக வேண்டும். ஒரே ரேடியோவில் கேட்பதும் பேசுவதும் என்பதால் சாதாரண ரிப்பீட்டரில் வேகம் பாதியாகும். சமையல் வீடியோவுக்கு அது போதும்.

என்னைக் கேட்டால், முற்றத்து ஓரமாக ஒரு லேன் வயர் இழுத்து, அடுக்களைப் பக்கம் பழைய ரவுட்டர் ஒன்றை 'ஆக்ஸஸ் பாயின்ட்' ஆக மாட்டுங்கள். வயர் போன இடத்தில் சுவர் எத்தனை கனம் என்ற கேள்வியே இல்லை. விலை உயர்ந்த ரவுட்டரை விற்கப் பார்க்கும் கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

ஊசி கையில் வைத்திருப்பவன், உடுமலை

கே: ரவுட்டருக்குப் பின்னால் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது. அதில் ஊசியால் குத்தினால் எல்லாம் சரியாகும் என்று நண்பன் சொல்கிறான்.

ப: ஊசியைக் கீழே வையுங்கள்! அது 'ரீஸ்டார்ட்' அல்ல, 'ரீசெட்'. நெட் கம்பெனி உங்களுக்காகப் போட்டுவைத்த யூசர் ஐடி, பாஸ்வேர்டு எல்லாம் அந்தக் குத்தில் போய்விடலாம். காலையில் டேப் ஒன்றுக்கு நெட் இல்லை. மாலையில் வீடு முழுக்க இல்லை. லைன்மேன் வருவது திங்கட்கிழமை. மின்சார ஸ்விட்சை அணைத்துப் போடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நண்பர் வந்துபோகும்வரை ரவுட்டரின் முதுகைச் சுவரோடு ஒட்டி வைக்கலாம்.

பழசை விடாதவர், பாளையங்கோட்டை

கே: பத்து வருடத்து ஆண்ட்ராய்டு டேப். வைஃபை முழுக் கோடு. ஆனால் எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்று பயமுறுத்துகிறது.

ப: மேலே தேதியைப் பாருங்கள். சார்ஜ் சுத்தமாக இறங்கி, பல மாதம் மேஜை டிராயரில் கிடந்த டேப் சில நேரம் 1970 ஜனவரி 1-க்குப் போய்விடும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி உண்டு. 1970-இல் இருக்கும் டேப்புக்கு அவை எல்லாமே இன்னும் பிறக்காதவை, நம்பாது. தேதியைத் திருத்தினால் பாதிப் பேருக்குத் தீரும்.

தீராதவர்களுக்கு விஷயம் கொஞ்சம் ஆழம். எந்தச் சான்றிதழ் நிறுவனங்களை நம்பலாம் என்ற பட்டியலைப் பழைய ஆண்ட்ராய்டு, அது தயாரான நாளில் உள்ளே வைத்ததோடு சரி. இணையத்தில் கோடிக்கணக்கான தளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் தருவது 'லெட்ஸ் என்க்ரிப்ட்'. 7.1.1-க்கு முந்தைய ஆண்ட்ராய்டுகளுக்கு அதன் சொந்த மூலச் சான்று தெரியாது. வேறொரு பழைய நிறுவனத்தின் கையெழுத்தை நம்பித்தான் அவை ஓடின. அந்தப் பழைய மூலச் சான்று 2021 செப்டம்பர் 30-இல் காலாவதியானது. ஆண்ட்ராய்டுக்காக மட்டும் ஒரு விசேஷ ஏற்பாடு செய்து மூன்று வருடம் நீட்டினார்கள்; அதுவும் 2024 செப்டம்பரில் முடிந்தது. ஆக, உங்கள் வைஃபையும் ரவுட்டரும் ஒரு தப்பும் செய்யவில்லை. ஃபயர்பாக்ஸ் உலாவி தன் நம்பிக்கைப் பட்டியலைத் தானே கொண்டுவரும். உங்கள் டேப்பில் அது நிறுவ முடிந்தால் இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம். ஆனால் அந்த டேப்பில் வங்கிக் கணக்கை மட்டும் திறக்காதீர்கள்.

புது ரவுட்டர்க்காரன், புதுக்கோட்டை

கே: ரவுட்டர் மாற்றினேன். எல்லாப் போனும் ஏறிக்கொண்டன. பழைய டேப் மட்டும் முரண்டு பிடிக்கிறது. பாஸ்வேர்டு சரிதான்.

ப: புது ரவுட்டரில் பாதுகாப்பு 'டபிள்யூபிஏ3' மட்டும் என்று இருக்கும். அது 2018-இல் வந்தது. ஆண்ட்ராய்டும் ஐபேடும் அதைக் கற்றுக்கொண்டதே 2019-இல். 'டபிள்யூபிஏ2/3 கலவை' என்று மாற்றுங்கள். 'டபிள்யூஇபி' என்ற பழையதற்கு மட்டும் இறங்கிப் போகாதீர்கள். 2001-லேயே அதன் பூட்டை உடைத்துக் காட்டிவிட்டார்கள்.

பட்டனைத் தேடுபவர், பழனி

கே: பாஸ்வேர்டே போடாமல் ரவுட்டரில் ஒரு பட்டனை அமுக்கி இணைக்கலாம் என்றார்களே? என் ஐபேடில் அந்த வசதி எங்கே?

ப: எங்கேயும் இல்லை. 'டபிள்யூபிஎஸ்' என்ற அந்த முறையை ஐபேட் எடுத்துக்கொள்ளவே இல்லை; ஆண்ட்ராய்டும் 9-ஆம் பதிப்பில் கைவிட்டுவிட்டது. பட்டனோடு சேர்ந்து எட்டு இலக்க பின் எண் ஒன்றும் அதில் உண்டு. அதை இரண்டு பாதியாகத் தனித்தனியே சரிபார்த்தார்கள், கடைசி இலக்கமோ வெறும் சரிபார்ப்பு எண். கோடிக்கணக்கில் முயல வேண்டியதை 11,000 முயற்சியில் முடித்துவிடலாம் என்று 2011-இல் அம்பலமானது. ரவுட்டரில் அது இன்னும் உயிரோடு இருந்தால் அணைத்துவிடுங்கள்.

அப்பாவிப் பூட்டுக்காரர், அம்பாசமுத்திரம்

கே: பக்கத்து வீட்டார் வைஃபையைத் திருடுகிறார்கள் என்று, எங்கள் கருவிகளின் அடையாளமான 'மேக்' எண்களை மட்டும் அனுமதித்துப் பூட்டினேன். இப்போது என் டேப்பே வெளியே நிற்கிறது!

ப: ஆண்ட்ராய்டு 10, ஐபேட்ஓஎஸ் 14 முதல் ஒவ்வொரு வைஃபைக்கும் டேப் ஒரு பொய்யான மேக் எண்ணைச் சொல்கிறது. கடைகளும் விமான நிலையங்களும் உங்களைப் பின்தொடரக் கூடாது என்பதற்காக. உங்கள் வீட்டு வைஃபைக்கு மட்டும் அதை அணைத்து, நிஜ எண்ணைச் சொல்ல வையுங்கள். ஆனால் மேக் பூட்டு என்பது விவரம் தெரிந்த திருடனை ஐந்து நிமிடம்கூடத் தடுக்காது. பாஸ்வேர்டை மாற்றினாலே போதும். பக்கத்து வீட்டில் ஒருவருக்கு உண்மையிலேயே தேவை இருந்தால் 'கெஸ்ட்' வைஃபை ஒன்றைத் திறந்து கொடுங்கள். உங்கள் கருவிகள் எதுவும் அவர்கள் கண்ணில் படாது.

டேப்பின் எதிர்த்தரப்பு வக்கீல், திண்டுக்கல்

கே: எல்லாப் பதிலிலும் டேப்பை நிரபராதி ஆக்குகிறீர்கள். டேப் தப்பு செய்ததே இல்லையா?

ப: செய்திருக்கிறது, அதுவும் பிறந்த மாதமே. 2010 ஏப்ரல் 3-இல் அமெரிக்காவில் முதல் ஐபேட் விற்பனைக்கு வந்தது. சில நாளிலேயே பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் புகார். வளாக வலையமைப்பு கொடுத்த ஐபி எண்ணைக் கெடு முடிந்த பிறகும் சில ஐபேடுகள் திருப்பித் தராமல் பயன்படுத்திக்கொண்டே இருந்தன. அவற்றை வலையமைப்பிலிருந்து வெளியேற்ற வேண்டியதாயிற்று. அதே ஏப்ரலில் இஸ்ரேல், ஐபேடின் வைஃபை ஒலிபரப்புத் திறன் தன் விதிகளுக்கு மீறியது என்று சொல்லி நாட்டுக்குள்ளேயே விடவில்லை. விமான நிலையத்தில் பயணிகளிடமிருந்து பறிமுதல் செய்தார்கள். மாதம் முடிவதற்குள் தடை நீங்கியது. வக்கீலய்யா, இதை உங்கள் தரப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சினிமாப் பிரியை, சிவகாசி

கே: வைஃபையைக் கண்டுபிடித்தது ஹாலிவுட் நடிகை ஹெடி லமார் என்று ஃபார்வர்டு வருகிறதே?

ப: அவர் நிஜமாகவே கண்டுபிடிப்பாளர்தான். இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தெய்லுடன் சேர்ந்து 1942-இல் காப்புரிமை வாங்கினார். டார்பிடோவுக்கு அனுப்பும் கட்டளையை எதிரி குழப்பாமலிருக்க அலைவரிசை விட்டு அலைவரிசை தாவும் முறை அது. பியானோ கட்டைகளின் எண்ணிக்கையான 88 அலைவரிசைகள். நொடிக்கு 1,600 தடவை தாவும் ப்ளூடூத்தை வேண்டுமானால் அந்தக் குடும்பம் எனலாம். உங்கள் டேப் இன்று பயன்படுத்தும் வைஃபை வேறு கிளை. சுவரிலும் பீரோவிலும் பட்டுச் சிதறி, எதிரொலியோடு வரும் அலையைச் சீராக்கும் வழியில் ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வாளர் ஜான் ஓ'சல்லிவன் குழுவுக்கும் பங்கு உண்டு. அவருடைய முந்தைய வேலை கருந்துளைகளின் ரேடியோ சமிக்ஞையைத் தேடுவது. ஃபார்வர்டு அனுப்புகிறவர்களுக்கு நடிகை போதும்.

கரன்ட் போன கல்லூரி மாணவன், கடலூர்

கே: கரன்ட் போனால் டேப்பில் சார்ஜ் இருக்கிறது, நெட் இல்லை. ஆன்லைன் தேர்வு நடுவில் போய்விடுமோ?

ப: ரவுட்டரின் அடாப்டரைப் பாருங்கள், பெரும்பாலும் 12 வோல்ட். அதற்கென்றே கையடக்க மினி யுபிஎஸ் கிடைக்கிறது. ஃபைபர் லைன் என்றால் தெருவில் பிரியும் ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரமே வேண்டாம் என்பதால் நெட் தொடரும். பக்கத்துக் கட்டட மோட்டார் ரூமில் ஸ்விட்ச் பெட்டி வைத்து லேன் வயர் இழுத்துத் தரும் சேவை என்றால், அந்த மோட்டார் ரூமுக்கும் கரன்ட் வேண்டும். உங்கள் யுபிஎஸ் அங்கே செல்லாது.

தூங்காத தாய், தூத்துக்குடி

கே: ராத்திரி ரவுட்டர் ஓடினால் குழந்தைக்குக் கதிர்வீச்சு ஆபத்தா?

ப: இது எக்ஸ்ரே போல உடலணுவின் அமைப்பைக் குலைக்கும் வகை அல்ல; திறனும் ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு அளவில்தான். விலக விலக வேகமாகக் குறையும். 2011-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு ரேடியோ அலைகளை 2பி பட்டியலில் சேர்த்தது உண்மை. 'இருக்கலாம், சான்று போதாது' என்பவை அந்தப் பட்டியலில் வரும். ஆசிய முறை ஊறுகாய்க் காய்கறிகளும் அதில் உண்டு. சீன, கொரிய வகை, நம் மாவடு அல்ல. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ரவுட்டரை அணைக்க இதைவிட நல்ல காரணம் இருக்கிறது: குழந்தை தூங்கும், போர்வைக்குள் இருக்கும் டேப் தூங்காது.

மைக்ரோவேவ் மாப்பிள்ளை, மேட்டுப்பாளையம்

கே: பால் சுட வைக்கும்போதெல்லாம் டேப்பில் படம் நிற்கிறது.

ப: மைக்ரோவேவும் 2.45 கிகாஹெர்ட்ஸ் காரன். 5-க்கு மாறுங்கள், அல்லது அடுப்பில் சுட வையுங்கள்.

பெயர் சூட்டும் ஆசை, மதுரை

கே: வைஃபை பெயரைத் தமிழில் வைக்கலாமா? மீனாட்சிசுந்தரம் என்று வைக்க ஆசை.

ப: வைக்கலாம், ஆனால் பெயருக்கு உச்சவரம்பு 32 பைட். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில் 'ம' போன்ற எழுத்துக்கும் அதோடு ஒட்டும் கொம்புக்கும் புள்ளிக்கும் தனித்தனியே மும்மூன்று பைட்; 'மீ' ஒன்றே ஆறு. 'மீனாட்சி' 24 பைட்டில் உள்ளே போய்விடுவார். 'மீனாட்சிசுந்தரம்' 48. சுந்தரேசர் வெளியே நிற்க வேண்டியதுதான். மிகப் பழைய கருவிகளில் தமிழ்ப் பெயர் கேள்விக்குறிகளாகத் தெரியலாம். பெயர் மாற்றிய கையோடு வீட்டில் உள்ள டேப், டிவி, போன் எல்லாவற்றிலும் புதுப்பெயரில் மறுபடி இணைக்க வேண்டியிருக்கும். அந்த வேலை பிடிக்காதவர்கள் புது ரவுட்டர் வாங்கினால் அதற்குப் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையுமே வைக்கிறார்கள். ரவுட்டர் மாறியதே வீட்டில் யாருக்கும் தெரியாது.